கார் கண்ணாடியும் ஒரு மஞ்சள் துணியும்

போன வாரம் என் காரின் முன்கண்ணாடிக்குப் பல் விளக்கினேன்.

டூத்பேஸ்ட்டைக் கொஞ்சம் ஈரத் துணியில் தடவி, வட்டம் வட்டமாகத் தேய்த்தால் கண்ணாடியில் உள்ள மெல்லிய கீறல்கள் மறைந்துவிடும் என்று ஒரு வீடியோவில் ஒருவர் சொன்னார். சொன்னவருக்கு நல்ல பற்கள். நம்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் போர்ச்சில் நின்று கை வலிக்கத் தேய்த்தேன். குப்பை போட வந்த எதிர் வீட்டு சீன அம்மா, பையைக் கையில் வைத்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார். எங்கள் வரிசை வீடுகள் முழுக்கப் புதினா வாசனை. எல்லாம் முடிந்து கழுவிப் பார்த்தால்... கீறல்கள் அப்படியே இருந்தன. முன்பைவிடச் சுத்தமாக இருந்தன, அவ்வளவுதான்.

இந்தக் கீறல்களைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு விருப்பமே இல்லை. ஆனால் சொல்வதாக ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இவை ஒரு மாதிரியான கீறல்கள். நிழலில் நின்று பார்த்தால் கண்ணாடி புதிதாக இருக்கும். எதிர் வெயில் விழும்போதுதான் தெரியும் — முடி முடியாக, வளைவு வளைவாக, ஒன்றன்மேல் ஒன்று. கண் கூசும். இடது பக்கம் போகிற லாரி மங்கலாகிவிடும்.

முதன்முதலில் நான் பார்த்தது சில வாரங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம். தம்போயில் வழக்கமாகப் போகும் கார் வாஷில் கழுவிவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மேற்கே இறங்கும் வெயில் நேராக முகத்தில். பார்த்தால் கண்ணாடியின் இடது ஓரம் முழுவதும் கோடுகள்.

இப்போதுதானே கழுவிக்கொண்டு வருகிறேன்? வேறு யார் செய்திருக்க முடியும்?

அப்படி நினைத்தேன் என்று எழுதப் பார்த்தேன். அதுகூடப் பொய். நான் நினைக்கவே இல்லை. அடுத்த வளைவிலேயே காரைத் திருப்பிவிட்டேன்.

அந்த கார் வாஷில் நுரை போடுவது, தண்ணீர் அடிப்பது எல்லாம் ஆண்கள். கடைசியில் துணியால் துடைத்து முடிப்பவர் லெட்சுமி. நாற்பதைத் தாண்டியவர். லாயாங் லாயாங் பக்கம் ஒரு எஸ்டேட் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவர். கணவர் இப்போது இல்லை. மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். இவர் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

லெட்சுமி, நான் ஞாயிறு பேப்பரில் எழுதும் இந்தப் பத்தியின் வாசகி.

என் முகத்தைப் பேப்பரில் பார்த்து அடையாளம் கண்டுபிடித்த அன்று, துடைப்பதை நிறுத்திவிட்டு வந்து சொன்னார். "ஞாயித்துக்கிழமை பேப்பர் வந்தா மொதல்ல உங்களதுதான்க்கா படிப்பேன். நான் தனியா சிரிக்கறதப் பாத்து என் மகளுக்கு சிரிப்பு வந்துடும்." அன்றிலிருந்து என் காரை வேறு யாரையும் துடைக்க விட்டதில்லை. எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அந்த லெட்சுமியைத்தான் கூப்பிட்டேன்.

"லெட்சுமி, இங்க வாங்க. இது என்ன?"

அவர் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "தெரியலக்கா. நான் ஈரத் துணியிலதான் தொடச்சேன்."

"அப்போ கண்ணாடி தானா கீறிக்கிச்சா?"

"இல்லக்கா, எப்பவும் தொடைக்கற மாதிரிதான்..."

"கீழ விழுந்த துணிய அப்படியே எடுத்து தேய்ச்சிருக்கீங்க. மண்ணோட. பாத்தாலே தெரியுது."

பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருந்தவர்கள் போனைத் தாழ்த்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். முதலாளி முரளி ஓடி வந்தார். "சாரி மேடம், நான் பாத்துக்கறேன் மேடம்." லெட்சுமி துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அத்துடன் நான் கிளம்பியிருக்கலாம். காரில் ஏறும்போது இன்னும் ஒரு வாக்கியம் சொன்னேன். அதை இந்த இடத்தில் எழுத வேண்டும். எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அதுவும் வரும்.

வீட்டுக்கு வந்தும் சூடு தணியவில்லை. எங்கள் தாமான் குடியிருப்பு ஆட்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் கண்ணாடியின் படத்தைப் போட்டேன். கீழே, அந்த கார் வாஷில் துடைக்கிற பொம்பளையிடம் ஜாக்கிரதையாக இருங்கள், அழுக்குத் துணியால் கண்ணாடியைக் கெடுத்துவிட்டார் என்று எழுதினேன். எழுதுவதுதானே நம் தொழில்? நன்றாகவே எழுதியிருந்தேன்.

குரூப் பற்றிக்கொண்டது. குப்பை லாரி வரவில்லை என்று போட்டால் ஒருவரும் வாய் திறக்காத குரூப் அது. அன்றைக்கு ஒருவருக்குக் கதவில் கோடு இருந்தது, ஒருவருக்கு வைப்பர் வளைந்திருந்தது, ஒருவர் சீட்டுக்கு அடியில் வைத்த குடை காணாமல் போயிருந்தது. எப்போதோ நடந்ததெல்லாம் அந்த ஒரு பெண்ணின் தலையில் வந்து இறங்கியது. நான் ஒவ்வொன்றுக்கும் கட்டை விரல் போட்டேன்.

சரி, போன வாரத்துக்கு வருவோம். டூத்பேஸ்ட் கைவிட்டதும், சாயங்காலம் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். சீன அங்கிள் ஒருவர் விரல் நகத்தைக் கீறலின் மேல் இழுத்துப் பார்த்தார். நகம் எங்கும் மாட்டவில்லை. "லைட் ஒன்லி லா," என்றார். பாலிஷ் போட்டு எடுக்க முடியாதா என்று கேட்டேன். மலாயும் ஆங்கிலமும் கலந்து விளக்கினார் — முன்கண்ணாடியை ஓரிடத்தில் அதிகம் தேய்த்தால் அந்த இடம் பள்ளமாகும், அதன் வழியாகப் பார்த்தால் சாலை நெளியும். அப்படியே விடு, இல்லாவிட்டால் மாற்று. எனக்கு மறுபடியும் லெட்சுமி மேல் கோபம் வந்தது.

மறுநாள் ஞாயிறு. கோத்தா திங்கியில் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழா. கணவரின் காரில் கிளம்பினோம். அவர் சிங்கப்பூரில் வேலை செய்பவர். விடியும் முன் பஸ்ஸில் போய் இருட்டிய பிறகு வருவார். அவருடைய கார் எந்தக் கார் வாஷின் வாசலையும் மிதித்ததில்லை. வீட்டுக் குழாயில் ஹோஸ் மாட்டி அவரே கழுவிக்கொள்வார். அது கொள்கை என்பார். கஞ்சத்தனம் என்பேன்.

ஊரைத் தாண்டியதும் வெயில் எதிரே வந்தது. நான் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். என் முகத்துக்கு நேரே, கண்ணாடியின் இடது ஓரத்தில்... அதே கோடுகள். அதே வளைவு. அதே அளவு.

"இந்தக் கார எப்பவாச்சும் கார் வாஷுக்கு அனுப்புனீங்களா?"

"எதுக்கு? வீட்ல தண்ணி வரலையா?"

"அப்போ இது என்ன கோடு?"

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது ரொம்ப நாளா இருக்கே. நீ வெள்ளிக்கிழமை விபூதி தொடைக்கிற எடம்லா அது."

இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ குரூப்ல போட்டதுக்கு அப்புறம்தான் எனக்கே விஷயம் தெரியும். அப்புறம் சொன்னா நீ கேப்பியா?"

கேட்டிருக்க மாட்டேன். அவரோடு சண்டை போட்டிருப்பேன்.

எங்கள் வீட்டுப் பழக்கத்தைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். வெள்ளிக்கிழமை காலையில் சாமி கும்பிட்டதும் இரண்டு கார்களுக்கும் முன்கண்ணாடியின் இடது ஓரத்தில் மூன்று விரலால் விபூதிப் பட்டை போடுவேன். நடுவில் ஒரு சந்தனப் பொட்டு. புதிதாகப் போடும் முன் பழையதை எடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் விபூதி தரையில் ஓடும், யார் காலிலாவது படும், பிறகு சாக்கடைக்குப் போகும். நாங்கள் வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு அரசாங்க வேலைக்கு வந்த குடும்பம். விபூதியை நிலத்தில் சிந்தக் கூடாது என்பதை அரிச்சுவடிக்கு முன்னால் சொல்லித் தந்துவிடுவார்கள். மழை அடித்துக்கொண்டு போனால் அது கடவுள் பாடு. என் கையால் போகக் கூடாது.

அதனால் காய்ந்த துணியால் துடைத்தெடுப்பேன். கார் வாஷுக்குப் போகும் முன்பும் அப்படித்தான் — மிச்சம் மீதியை ஒற்றி எடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன். அதற்கென்றே ஒரு மஞ்சள் துணி. துடைத்ததும் செம்பருத்தித் தொட்டியில் உதறிவிட்டு, தொட்டியின் விளிம்பிலேயே போட்டு வைப்பேன். மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்க மாட்டேன். சரியாகச் சொன்னால், துவைக்கவே மாட்டேன்.

கோத்தா திங்கியில் என்ன சாப்பிட்டேன், யாரிடம் பேசினேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே தொட்டியிடம் போனேன். துணியை எடுத்துத் தடவினேன். நறநற என்றது. தொட்டி மண், பொடி மணல், எல்லாம் இழைகளுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. மணல்தாளால் தேய்க்கிற மாதிரி நான் வாரா வாரம், மந்திரம் சொல்லிக்கொண்டே, என் கண்ணாடியை நானே தேய்த்திருக்கிறேன்.

போர்ச்சில் யாரும் இல்லை. இருந்தும் அந்தத் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

உடனே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அதுவல்ல. முதலில் வந்த எண்ணம், இது யாருக்கும் தெரியாது என்பது. கணவர் வெளியே சொல்ல மாட்டார். குரூப் வேறு சண்டைக்குப் போய்விட்டது. துணியைக் குப்பையில் போட்டால் கதை முடிந்தது.

புதன்கிழமை வரை அப்படியே இருந்தேன். பிறகு மனம் கேட்காமல் ஒரு டப்பா முறுக்கு வாங்கிக்கொண்டு கார் வாஷுக்குப் போனேன். வழியில் என்ன திட்டம் போட்டேன் தெரியுமா? லெட்சுமியிடம் முறுக்கைக் கொடுத்து, "நடந்தத விடுங்க லெட்சுமி, நான் மறந்துட்டேன்" என்று சொல்வதாக. அதாவது, நான் அவரை மன்னிப்பதாக. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

லெட்சுமி அங்கே இல்லை.

"வேலைய விட்டு நின்னுட்டாங்க மேடம்," என்றார் முரளி.

"ஏன்?"

"நீங்க குரூப்ல போட்டீங்கல்ல. அப்புறம் வர்றவங்கல்லாம் அந்தம்மா என் கார தொடைக்க வேணாம், வேற ஆள விடுன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. நான் என்ன பண்றது? கார் மிதியடி மட்டும் கழுவுங்கன்னு சொன்னேன். கொஞ்ச நாள் கழுவுனாங்க. அப்புறம் வரல. பின்னாடி ரோட்ல சாப்பாட்டுக் கடையில பாத்திரம் கழுவறாங்களாம்."

முறுக்கு டப்பாவோடு நின்றேன்.

"முரளி, அந்தக் கண்ணாடிய கீறினது நான்தான். எங்க வீட்டுத் துணி."

"அலமாக்," என்று தலையில் கை வைத்தார். "இத அவங்ககிட்டப் போயி சொல்லுங்க மேடம்."

மதியக் கூட்டம் ஓய்ந்த நேரம். கடையின் பின்பக்கம் லெட்சுமி ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பழக்கத்தில் எழுந்துவிட்டார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல மறுபடி உட்கார்ந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். விபூதி, மஞ்சள் துணி, தொட்டி மண், கணவரின் கார். அவர் தட்டு கழுவுவதை நிறுத்தாமல் கேட்டார்.

"அப்போ நான் இல்ல."

"நீங்க இல்ல. நான்தான்."

"எனக்கு அப்பவே தெரியும்க்கா நான் இல்லன்னு. ஆனா நீங்க அவ்வளோ சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. எல்லாரும் போனதும் என் துணியெல்லாம் எடுத்து, ஒவ்வொன்னா கன்னத்துல தேய்ச்சுப் பாத்தேன், மண்ணு இருக்கான்னு."

நான் அவர் துணியைப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னவள். என் துணியைச் சோதித்தே பார்க்காதவள்.

"மன்னிச்சிருங்க லெட்சுமி. தெரியாம சொல்லிட்டேன்."

அவர் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார். "கீறல் விஷயம் தெரியாம சொன்னீங்க. சரி, விடுங்க. கார்ல ஏறறப்ப ஒன்னு சொன்னீங்களே... அது தெரிஞ்சுதானக்கா சொன்னீங்க?"

இப்போது அந்த வாக்கியம்.

"எஸ்டேட்ட விட்டு வந்தாலும் எஸ்டேட் புத்தி போகல பாருங்க." இதுதான் நான் சொன்னது. லெட்சுமியிடம்கூட இல்லை, முரளியைப் பார்த்து. லெட்சுமி அங்கே இல்லாத மாதிரி.

இது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். வெகு தூரம் போக வேண்டியதில்லை. எஸ்டேட்டுக்குக் கூலி வேலைக்கு வந்தவர்களை எங்கள் அம்மா "தோட்டத்து ஆக்கள்" என்று சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்துவார். எனக்கு அது பிடிக்காது. நான் அப்படி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாமெல்லாம் ஒரே தமிழர், யாழ்ப்பாணம் என்ன தோட்டம் என்ன என்று இதே இடத்தில் எழுதியிருக்கிறேன். நீங்களும் பாராட்டி எழுதினீர்கள். ஆனால் ஒரு கண்ணாடியில் கோடு விழுந்ததும் உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது. அம்மாவாவது குரலைத் தாழ்த்தினார். நான் அதையும் செய்யவில்லை.

"என் மக அன்னிக்கு என்னைய ஏத்திட்டுப் போக வந்திருந்தா," என்றார் லெட்சுமி. "அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள்ல நின்னுக்கிட்டிருந்தா. கேட்டுட்டா. அப்புறம் பேப்பர் வாங்க வேணாம்னு சொல்லிட்டா."

அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தேன்.

"குரூப்ல உண்மைய எழுதிடறேன் லெட்சுமி. முரளிகிட்டச் சொல்லி உங்க வேலைய..."

"குரூப்ல எழுதுங்க. வேலை வேணாம்க்கா. அங்க போனா ஒவ்வொரு கார் வந்து நிக்கறப்பவும் பயமா இருக்கும். இங்க தட்டு ஒன்னும் பேசாது." கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். "பேப்பர்லயும் எழுதுங்க. அந்த வார்த்தையையும் போடுங்க. என் பேரையும் போடுங்க. குரூப்ல பொம்பளன்னுதான போட்டீங்க."

"போடறேன்."

"சிரிக்க சிரிக்க எழுதிடாதீங்க."

தலையை ஆட்டினேன். முறுக்கு டப்பாவை நீட்டத் தைரியம் வரவில்லை. அது திரும்பி என்னோடு வீட்டுக்கு வந்தது.

அன்று சாயங்காலமே குரூப்பில் எழுதினேன். கீறியது நான், லெட்சுமி அல்ல என்று, பெயரைப் போட்டு. ஆனால் அந்த வாக்கியத்தை அங்கே எழுதவில்லை. அங்கே எல்லாருக்கும் என் வீடு தெரியும். கை வரவில்லை.

பதில்கள் என்ன வந்தன தெரியுமா? ஒருவர் என் நேர்மைக்கு வணக்கம் சொன்னார். ஒருவர், இப்படி ஒப்புக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும் மேடம் என்றார். குடை காணாமல் போனவர் மூச்சு விடவில்லை. "பாவம் லெட்சுமி" என்று ஒருவர்கூடப் போடவில்லை. பிறகு பேச்சு, டூத்பேஸ்ட் நல்லதா, கண்ணாடிக்கென்று விற்கிற பவுடர் நல்லதா என்று போய்விட்டது. ஒருவரைக் குற்றம் சாட்டினால் ஊரே வந்து நிற்கிறது. குற்றம் இல்லை என்று சொல்ல வந்தால், சொல்ல வந்தவருக்குத்தான் மாலை விழுகிறது.

சிரிக்க சிரிக்க எழுத மாட்டேன் என்று சொன்னவள், பல் விளக்கிய கதையில்தானே ஆரம்பித்தாய் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். நீங்கள் முதலில் கொஞ்சம் சிரித்துவிட்டால் பிறகு என்னை லேசாகப் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். அழித்துவிடலாம் என்றும் பார்த்தேன். இருக்கட்டும், அதுவும் என் லட்சணம்தான்.

மஞ்சள் துணியைத் துவைத்துவிட்டேன். இப்போது ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றுகிறேன். இவ்வளவு சுலபமாக முடிகிற வேலை. இன்சூரன்ஸில் கண்ணாடியை மாற்றிவிடலாம் என்கிறார் கணவர். வேண்டாம் என்றேன். தியாகம் ஒன்றுமில்லை, கோடுகள் இருப்பது இடது ஓரம்தான், ஓட்ட முடிகிறது. சாயங்காலம் வீடு திரும்பும்போது வெயில் எதிரே வந்தால் மட்டும் எல்லாம் தெரியும்.

லெட்சுமி இதைப் படிக்கப் போவதில்லை. பேப்பர்தான் வாங்குவதில்லையே. ஒரு பிரதியைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அது இன்னொரு முறுக்கு டப்பா ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். அவர் மகளின் கையில் எப்படியாவது கிடைத்தால்... அந்த வார்த்தையைக் காதால் கேட்டவள் அவள்தான். அவள் படிக்கட்டும்.

விபூதியை நிலத்தில் சிந்தக் கூடாது என்று அத்தனை கண்டிப்பாகச் சொல்லித் தந்த வீட்டில், ஒரு மனுஷியை அப்படிப் பேசக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தர ஆள் இல்லாமல் போய்விட்டது.

பாருங்கள்... மறுபடியும் வேறு யார் மேலாவது பழியைப் போடப் பார்க்கிறேன்.